நைட் டியூட்டிக்குப் போகிற பிள்ளைகளுக்கு

என் தங்கை மகள் போன மாதம் ஒருநாள் பகல் பதினொரு மணிக்குப் போன் செய்தாள். நர்சிங் முடித்து ஐ.சி.யூ.வில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் நைட் முறை. "பெரியம்மா, எட்டரைக்கு வந்து படுத்தேன், இன்னும் தூக்கம் வரல. கண்ணை மூடினா பம்ப் அலாரம் கேக்குது. கொஞ்சம் அசந்தா டிரிப் காலியாகி டியூப்ல ரத்தம் மேல ஏறுற மாதிரி கனவு. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையோ?" என்று அழுதாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் பிசைந்தது. 1986-ல் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் இதே கனவுதான். அப்போது பம்பும் கிடையாது, அலாரமும் கிடையாது. வாட்சைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணித்தான் டிரிப்பை ஓடவிடுவோம். கனவில் சொட்டு எண்ணிக்கொண்டே இருப்பேன், எண்ணிக்கை விட்டுப்போகும், முதலிலிருந்து ஆரம்பிப்பேன். விழித்துப் பார்த்தால் தாடை வலிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டே தூங்கியிருப்பேன்.

அவளிடம் போனில் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இதில் பாதி முப்பத்து மூன்று வருட வார்டு வேலையில் பட்டுத் தெரிந்துகொண்டது. மீதி, மனநல வார்டில் இரண்டு வருடம் இருந்தபோது அங்கிருந்த டாக்டர் ஒருவர் சொல்லக் கேட்டதும், பிறகு நானாகத் தேடிப் படித்ததும்.

1. தூக்கம் வராததை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டெக்சாவும் பிரட்னிசலோனும் கூடியவரை காலையில் கொடுக்கும்படிதான் கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பார்கள். ராத்திரி கொடுத்தால் என்ன ஆகும்? அந்த நோயாளி விடிய விடிய முழித்துக் கிடப்பார், உங்களையும் பெல் அடித்துக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். அந்த மருந்துக்குச் சொந்தக்காரன் ஒருவனை உங்கள் உடம்பே தயாரிக்கிறது. பெயர் கார்ட்டிசால். மூளையில் ஹைப்போதலாமஸ் சைகை காட்டும், பிட்யூட்டரி அதை வாங்கிக் கீழே அனுப்பும், சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி சுரக்கும். ஒழுங்காக இருக்கும் உடம்பில் கார்ட்டிசால் நடுராத்திரியை ஒட்டி அடிமட்டத்தில் இருக்கும். விடிவதற்கு முன்பே ஏறத் தொடங்கி, கண் விழித்த அரைமணி முக்கால்மணிக்குள் உச்சிக்குப் போகும்.

இப்போது உங்கள் நிலைமையைப் பாருங்கள். ராத்திரி முழுக்க பதற்றம், அதனால் இறங்க வேண்டிய நேரத்தில் அது சரியாக இறங்கவில்லை. காலை எட்டரைக்கு நீங்கள் படுக்கும்போதோ அது இயல்பாகவே உயரத்தில் நிற்கும் நேரம். உங்களுக்கு நீங்களே ஒரு டோஸ் டெக்சா போட்டுக்கொண்டு கட்டிலில் ஏறிய மாதிரிதான். இதில் லாயக்கு எங்கே வந்தது?

ஹான்ஸ் செல்யே என்ற விஞ்ஞானி 1936-ல் 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் கடிதம் எழுதினார். எலிகளைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவுக்கு மீறி மருந்து கொடுத்தாலும் அவற்றின் உடம்பு ஒரே மாதிரிதான் பதில் சொல்கிறது என்றார். அட்ரீனல் வீங்கியது, வயிற்றில் புண் வந்தது. பிற்பாடு ஸ்ட்ரெஸ் என்ற சொல் உலகம் முழுக்கப் பரவியதற்கு அவர்தான் முக்கியக் காரணம். இன்சார்ஜ் சிஸ்டர் பத்துப் பேர் முன்னால் திட்டியதும், 12-ஆம் கட்டிலில் பல்ஸ் இறங்கியதும், ஒப்பந்தம் புதுப்பிப்பார்களா என்ற கவலையும் உங்கள் அட்ரீனலுக்கு ஒன்றுதான். அதற்குத் தராதரம் பார்க்கத் தெரியாது.

2. ஹாஸ்டலிலோ குவார்ட்டர்ஸிலோ முதல் ராத்திரி தூக்கம் சரியாக இருக்காது. விட்டுவிடுங்கள். புது இடத்தில் படுக்கும் முதல் ராத்திரி, ஆழ்ந்த தூக்கத்திலும் மூளையின் இடது பாதி பாதிக் கண் திறந்து காவல் காக்கிறது என்று 2016-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். வீட்டுத் தலையணை உறையைத் துவைக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். இதை ஆராய்ச்சி சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

3. கனவில் வார்டு வரும். வரட்டும்.

கனவு எப்போது வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற மாணவர், தன் எட்டு வயது மகனையே படுக்கவைத்து, கண்ணோரத்தில் ஒயர் ஒட்டி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தார். பையன் அசையாமல் தூங்குகிறான், ஆனால் அவ்வப்போது இமைக்குள் கருவிழி மட்டும் அங்குமிங்கும் ஓடுகிறது. மெஷின் கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தாராம். 1953-ல் அவரும் அவருடைய பேராசிரியர் நதானியல் கிளெய்ட்மேனும் அதை வெளியிட்டார்கள். அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலானவர்கள் ஒரு கனவைச் சொன்னார்கள். ரெம் தூக்கம் என்று அதற்குப் பெயர்.

கிட்டத்தட்ட 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. ராத்திரி தூங்குகிறவர்களுக்கு முதல் சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், ரெம் கொஞ்ச நேரம்தான். விடிய விடிய ரெம் நீளும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னதற்கு இதில் ஒரு விளக்கம் இருக்கிறது. அப்போதுதான் நீளமான கனவுகள் வருகின்றன, உடனே விழித்தும் விடுகிறோம், அதனால் அவை நினைவில் நிற்கின்றன. பலிப்பது வேறு கதை. டிரிப் காலியாகிறதாகக் கனவு கண்ட நாள்களில் ஒருநாள்கூட என் டிரிப் காலியானதில்லை. பயந்துபோய் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படிக் காலியாகும்?

அழுத்தம் இருக்கும்போது கனவு கையெட்டும் தூரத்தில் இருப்பதையே எடுத்துக்கொள்ளும். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-லிருந்து, பெர்லினில் இருந்த சார்லட் பெராட் என்ற யூதப் பத்திரிகையாளர் தெரிந்தவர்களின் கனவுகளை ரகசியமாகச் சேகரித்தார். 1966-ல் அது புத்தகமாக வந்தது. அதில் ஒரு தொழிற்சாலை முதலாளியின் கனவு வருகிறது. அமைச்சர் கோயபல்ஸ் தொழிற்சாலைக்கு வருகிறார். தொழிலாளர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, இவர் சல்யூட் அடிக்கக் கையைத் தூக்க வேண்டும். அந்தக் கை மேலே ஏற அரைமணி நேரம் ஆகிறது. அந்தக் காலத்தை நம் வார்டோடு ஒப்பிடவில்லை, அப்படி ஒப்பிடுவது தப்பும்கூட. ஆனால் கனவில் "சிஸ்டர்!" என்று யாரோ கூப்பிட, எழுந்து ஓட முடியாமல் கால் கனத்துக் கிடந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், அந்த மனிதரின் கை ஏன் அவ்வளவு கனத்தது என்று சொல்லாமலே புரியும்.

4. அமுக்குவான் வந்தால் பூசாரியைத் தேட வேண்டாம்.

கண் திறந்திருக்கும், அறை தெரியும், மின்விசிறி சுற்றுவது தெரியும். கை கால் அசையாது. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். கத்தினால் சத்தம் வராது. என்னோடு குவார்ட்டர்ஸில் இருந்த ஒருத்தி இதற்குப் பயந்து தலையணைக்குக் கீழே ஒரு கத்தரிக்கோலை வைத்துப் படுத்தாள். எனக்கு அமுக்குவானைவிட அந்தக் கத்தரிக்கோலைக் கண்டுதான் பயம்.

விஷயம் இதுதான். ரெம் தூக்கத்தில் நாம் கனவை நடித்துக் காட்டிவிடாதபடி மூளைத்தண்டு தசைகளைக் கட்டிப்போடுகிறது. மூச்சும் கண்ணும் மட்டும் ஓடும். சிலசமயம் கட்டு அவிழ்வதற்குள் நீங்கள் விழித்துவிடுகிறீர்கள், அவ்வளவுதான். தூக்கம் கெட்டவர்களுக்கும், முறை மாறி வேலை செய்பவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம் வரும். ஒருக்களித்துப் படுங்கள். வந்துவிட்டால் முழுக் கையையும் தூக்கப் போராடாமல் கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். இரண்டொரு நிமிடத்தில் தானாக விடும்.

5. காலை நாலு மணி டீயை முன்னிரவுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் சேர்ந்துகொண்டே போகும், அதுதான் தூக்கச் சுமை. டீயிலும் காப்பியிலும் இருக்கும் கஃபீன் அந்த அடினோசின் உட்கார வேண்டிய நாற்காலியில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. உடம்பிலிருந்து அது பாதி இறங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகும். நாலு மணிக்குக் குடித்த டீயில் பாதி, ஒன்பது மணிக்கும் நாற்காலியை விடாது. ஆயாம்மா பாசமாகக் கொண்டுவரும் டீயை மறுப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ராத்திரி பதினொரு மணிக்கே கேட்டு வாங்கிக் குடித்துவிடுங்கள்.

6. தூக்க மாத்திரை உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதுதான் ஆபத்து.

என் பேட்ச்சில் ஒரு பெண், நல்ல வேலைக்காரி, நரம்பு கிடைக்காத குழந்தைக்கும் ஒரே குத்தில் லைன் போடுவாள். தெரிந்த மெடிக்கல் கடையில் சீட்டு இல்லாமல் அல்பிரசோலம் வாங்கினாள், கால் மில்லிகிராம், "இந்த ஒரு நைட் முறைக்கு மட்டும்" என்று. தூக்கம் வந்தது. அடுத்த முறைக்கு ஒன்று போதவில்லை, இரண்டானது. அந்த மாத்திரை தரும் தூக்கத்தில் ஆழம் குறைவு. திடீரென்று நிறுத்தினால், அமுக்கி வைத்த கனவெல்லாம் வட்டியோடு வரும், பதற்றமும் சேர்ந்து வரும். அவள் நிறுத்திப் பார்த்தாள், மூன்றாம் நாள் கத்திக்கொண்டு எழுந்தாள், மறுபடி மாத்திரைக்கே போனாள். அதிலிருந்து வெளியே வர ஒரு மனநல டாக்டரின் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒன்பது மாதம் ஆனது. டாக்டர் பார்த்து, இத்தனை நாள் என்று கணக்கு வைத்துக் கொடுத்தால் அது வேறு.

இப்போது பையன்களும் நர்சிங் வேலைக்கு நிறைய வருகிறார்கள், அவர்களுக்கு ஒரு வார்த்தை. குடித்தால் உடனே தூக்கம் வரும், மறுக்கவில்லை. ஆனால் முதல் பாதியில் ரெம் தூக்கத்தை அது அடக்கும், பின்பாதியில் தூக்கம் துண்டு துண்டாக உடைந்து கெட்ட கனவாக வரும்.

7. படபடப்புக்கு யாராவது புரப்ரனலால் எழுதிக் கொடுத்து, அன்றிலிருந்து கனவு கோரமாக மாறினால் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த மாத்திரைக்கு அப்படி ஒரு குணம் உண்டு.

8. தூக்கம் வராமல் கட்டிலில் மல்லுக்கட்டாதீர்கள்.

இதைத்தான் நான் ரொம்பப் பிந்திக் கற்றுக்கொண்டேன். ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972-லேயே சொல்லிவிட்டார்: தூக்கம் வந்தால்தான் படுக்கைக்குப் போ, வராவிட்டால் எழுந்து போய்விடு, படுக்கையைத் தூக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள். நம் குவார்ட்டர்ஸில் இது நடக்கிற காரியமா? ஒரே அறை, மூன்று கட்டில். சாப்பிடுவது, போன் பார்ப்பது, அழுவது, ஓ.டி. கணக்குப் பார்ப்பது எல்லாம் அந்தக் கட்டிலில்தான். ஆறு மாதத்தில் அந்தக் கட்டிலைப் பார்த்தாலே மனசு விழித்துக்கொள்ளும்.

நான் செய்தது ஒரு ஏழை வைத்தியம். கட்டிலை உட்காரவும் படிக்கவும் வைத்துக்கொண்டேன். தூங்குவதற்கு ஒரு கோரைப் பாய் வாங்கினேன், பத்தமடைப் பாய்க்கெல்லாம் அப்போது வசதி இல்லை. தூக்கம் கண்ணைச் சொக்கும்போது மட்டும் அதை விரிப்பேன். இருபது நிமிடம்போல ஆகியும் வராவிட்டால் சுருட்டி மூலையில் சாத்திவிட்டு, பூண்டு உரிப்பேன். அறைத்தோழிகள் சிரித்தார்கள். ஒரு மாதத்தில் பாயை உதறும் சத்தம் கேட்டாலே கொட்டாவி வர ஆரம்பித்தது. அந்த வருடம் எங்கள் அறையில் பூண்டுக் குழம்பும் அதிகம்.

தூக்கமின்மையைப் பற்றி ஆர்தர் ஸ்பீல்மேன் என்பவர் சொன்ன ஒரு கணக்கும் இங்கே உதவும். தூக்கத்தைக் கெடுத்த காரணம் ஒன்றாக இருக்கும், அது கெட்டபடியே நீடிக்கும் காரணம் வேறொன்றாக இருக்கும் என்றார் அவர். அன்று திட்டு வாங்கியதால் தூக்கம் போனது. திட்டு மறந்து மூன்று மாதம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால், இடையில் நீங்கள் பழகிக்கொண்டவற்றைப் பாருங்கள். பகல் முழுக்கப் படுத்தே கிடப்பது, மணி பார்ப்பது, நாலு டீ. திட்டிய சிஸ்டரை இப்போது வைவதில் பயனில்லை.

9. வார்டை ஒப்படைத்த மாதிரி மனசையும் ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.

2000-ஐ ஒட்டி என்று நினைவு. நைட் முடிந்து வந்து பத்தரைக்குக் கண்ணயர்ந்தேன். பன்னிரண்டு மணிக்கு யாரோ உலுக்கின மாதிரி எழுந்தேன். 7-ஆம் கட்டில் சர்க்கரை நோயாளி அம்மாவுக்குக் காலை ஆறு மணி இன்சுலினைப் போட்டேன். சார்ட்டில் எழுதினேனா? எழுதாமல் விட்டிருந்தால் பகல் டியூட்டிக்காரி இன்னொரு டோஸ் போட்டிருப்பாள். சர்க்கரை இறங்கி அந்த அம்மா வியர்த்துக் கிடப்பது கண்முன் தெரிகிறது. நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தெருமுனைப் பெட்டிக்கடைக்கு ஓடினேன். அங்கே ஒரு ரூபாய் போன் தொங்கும். முதல் காசு போட்டால் என்கேஜ்டு. இரண்டாம் காசுக்கும் என்கேஜ்டு. கடைக்காரர் சில்லறை இல்லை என்கிறார், வாங்காத வாழைப்பழத்துக்குக் காசு கொடுத்துச் சில்லறை வாங்கினேன். மூன்றாம் காசில் வார்டு கிடைத்தது. எதிர்முனையில் அந்தப் பெண் சிரிக்கிறாள்: "அக்கா, நீங்கதான் சிவப்பு மையில எழுதி, அடிக்கோடு வேற போட்டிருக்கீங்களே!"

செய்த வேலையே மனசில் பதியவில்லை. அன்றைக்கு ராத்திரி வார்டில் இரண்டு சீரியஸ் கேஸ், ஓடிய ஓட்டத்தில் அடிக்கோடு போட்ட கை வேறு யாருடையதோ மாதிரி ஆகிவிட்டது. மூளை அதை முடிக்காத வேலையாகவே வைத்துக்கொண்டு, தூக்கத்தின் நடுவில் எழுப்பிக் கேட்கிறது.

மறுநாளிலிருந்து ஒரு பழக்கம் வைத்தேன். டியூட்டி ரூம் நாள்காட்டியில் கிழிக்கும் தாளைக் குப்பையில் போடாமல் எடுத்துக்கொள்வேன். அதன் பின்பக்கம், யூனிபார்ம் மாற்றுவதற்கு முன்னால், ஐந்து நிமிடம் எழுதுவேன். என்ன மிச்சம் இருக்கிறது, யாரிடம் சொல்லிவிட்டேன், நாளை வந்ததும் முதலில் என்ன பார்க்க வேண்டும். நோயாளி பெயர் எழுதக் கூடாது, கட்டில் எண்ணும் வேண்டாம், எனக்கு மட்டும் புரிகிற மாதிரி ஒரு குறி. மடித்து என் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் படி இறங்குவேன். தாள் உள்ளே, நான் வெளியே.

பல வருடம் கழித்து, 2018-ல், அமெரிக்காவில் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து இதையே செய்து பார்த்திருக்கிறார்கள் என்று படித்தேன். படுக்கும் முன் 5 நிமிடம், பாதிப் பேர் முடித்த வேலைகளை எழுதினார்கள், மீதிப் பேர் இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முந்தித் தூங்கிப்போனார்கள். விவரமாக எழுதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம். 9 நிமிடம் என்றால் கேட்கச் சின்னதுதான். முழித்துக் கிடந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் நீளம் தெரியும்.

10. நைட் முடிந்து நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் உள்ளவருடையதைப் போல ஆகிவிடுகிறது என்று 1997-ல் ஆஸ்திரேலியாவில் அளந்தார்கள். நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்ட அனுமதிக்கும் அளவு 0.03. போலீஸ் ஊதச் சொன்னால் ஒன்றும் காட்டாது, அதுதான் வித்தியாசம். பஸ்ஸில் போங்கள், ஸ்டாப் வந்தால் எழுப்பச் சொல்லி கண்டக்டரிடம் சொல்லிவிட்டுத் தூங்குங்கள்.

11. தூக்கத்தின் கடைசிப் பகுதியை வெட்டாதீர்கள். வீட்டாரையும் வெட்ட விடாதீர்கள்.

கல்யாணமான பெண்களுக்கு இது அதிகம் பொருந்தும். ஒன்பதுக்குப் படுத்து, பன்னிரண்டுக்கு அலாரம் வைத்து எழுந்து சோறு பொங்கி, பிள்ளையைக் கூப்பிடப் போய், ஐந்து மணிக்கு "கொஞ்சம் கண்ணை மூடிக்கிறேன்" என்று சாய்வது. நானும் பத்து வருடம் அப்படித்தான் ஓட்டினேன். ஒருநாளில் நடந்ததை மூளை எடுத்துப் பார்த்து, சூட்டை ஆற்றி, உள்ளே அடுக்கி வைக்கும் வேலையில் ரெம் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்று பல ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறார்கள். பதற்றத்தின் ரசாயனமான நார்அட்ரினலின் அந்த நேரத்தில் மூளையில் ஏறக்குறைய வற்றிக் கிடக்கும். பயந்த விஷயத்தைப் பயத்தின் ரசாயனம் இல்லாமல் திரும்பப் பார்க்க அப்போதுதான் ஒரு வாய்ப்பு.

சிகாகோவில் ரோசலிண்ட் கார்ட்ரைட் என்ற அம்மையார், விவாகரத்தின் நடுவில் மனம் உடைந்திருந்தவர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்கவைத்து, கனவு வரும் நேரம் பார்த்து எழுப்பிக் கேட்டார். பிரிந்த கணவனோ மனைவியோ கனவில் வந்து, பழைய நினைவுகளும் உணர்ச்சியுமாகப் பின்னிய கனவு கண்டவர்கள் பிற்பாடு நன்றாகத் தேறியிருந்தார்கள். அதனால்தான் கனவில் வார்டு வந்தால் வரட்டும் என்று முன்னால் சொன்னேன். அது வந்துபோக இடம் வேண்டும். பன்னிரண்டு மணி அலாரம் அந்த இடத்தைத்தான் அடைக்கிறது.

நடைமுறைக்குச் சில: ஜன்னலில் பழைய புடவையை நாலாக மடித்துக் கட்டுங்கள், வெளிச்சம் மூளைக்கு விடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். காலிங் பெல் ஒயரைக் கழற்றுங்கள். பழைய இரும்பு, ஈயம், பித்தளை என்று பதிவு செய்த குரலில் வரும் தள்ளுவண்டியை ஒன்றும் செய்ய முடியாது, காதில் பஞ்சு வையுங்கள். "பகலெல்லாம் தூங்குறா" என்று மாமியார் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு வார்டிலிருந்து போன் செய்து "சாப்பிட்டீங்களா அத்தை?" என்று கேளுங்கள். நான் கேட்டேன். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பகலில் மிக்சி ஓடவில்லை.

12. ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்தால் அதன் முடிவை மாற்றி எழுதுங்கள்.

குழந்தைகள் வார்டில் இருந்தபோது ஒரு காய்ச்சல் குழந்தை, நாலு வயது, அதிகாலையில் போய்விட்டது. எங்கள் யார் மேலும் தப்பில்லை, கொண்டுவந்தபோதே கைமீறிய நிலை. ஆனால் அன்றைக்கு ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கும் சாவி ட்ராலியில் இல்லை, பக்கத்து வார்டுக்கு ஓடி வாங்கி வர ஒரு நிமிடம் ஆனது. அந்த ஒரு நிமிடம்தான் எனக்குக் கனவாக வந்தது. வராந்தா நீண்டுகொண்டே போகும். ட்ரேயில் தேடுவேன், ஊசி இருக்கும், பஞ்சு இருக்கும், சாவி இருக்காது. குழந்தையின் பாட்டி எதுவும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். நாலு மாதம், வாரத்துக்கு மூன்று நாளாவது வந்தது. தூங்கப் பயந்து நானாக நைட் கேட்டு வாங்கினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனநல வார்டு டாக்டர்தான் வழி சொன்னார். பகலில், நன்றாக விழித்திருக்கும்போது, அந்தக் கனவை ஒரு தாளில் எழுது. பிறகு எந்த இடத்தில் வேண்டுமானாலும் மாற்று, உனக்குப் பிடித்த மாதிரி மாற்று. மாற்றிய கனவை மட்டும் தினமும் பத்து இருபது நிமிடம் கண்ணை மூடி மனசுக்குள் ஓட்டிப் பார். பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொடுங்கனவுகளோடு இருந்த பெண்களிடம் பாரி கிராக்கோவ் என்ற டாக்டரும் அவர் குழுவினரும் இதைச் செய்து, கனவுகள் குறைந்ததை 2001-ல் வெளியிட்டிருக்கிறார்கள் என்றார்.

குழந்தையைப் பிழைக்க வைத்து எழுதத்தான் முதலில் நினைத்தேன், கை வரவில்லை. அது பொய் என்று மனசுக்குத் தெரியும். அதனால் ஒன்றே ஒன்றை மாற்றினேன். காஸ் துணியில் ஒரு நாடா கிழித்து, சாவியை என் இடுப்பில் கட்டியிருக்கிறேன். தேட வேண்டாம், கையை வைத்தால் இருக்கிறது. குளிர்ந்த இரும்பு. சிலிண்டர் திறக்கிறது, உஸ்ஸென்று சத்தம் வருகிறது. பாட்டி பக்கத்தில் நான் உட்காருகிறேன். அவ்வளவுதான். மத்தியானம் சாப்பிட்டதும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து இதை ஓட்டிப் பார்ப்பேன். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் வாரம் கனவு வந்தது, ஆனால் வராந்தா அவ்வளவு நீளமாக இல்லை. மூன்றாம் மாதம் எப்போது நின்றது என்றே தெரியவில்லை.

எல்லாருக்கும் இது இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். எழுத உட்கார்ந்தாலே நடுங்குகிற அளவுக்கு இருந்தால் தனியாகச் செய்யாதீர்கள், பழகியவர் ஒருவரை வைத்துச் செய்யுங்கள்.

13. ஒரு மாதத்துக்கு மேல் அதே சம்பவம் கனவிலும் பகலிலும் துரத்தினாலோ, தூங்கவே பயமாக இருந்தாலோ, செத்துப்போகலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தால்கூட, யாரிடமாவது சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, காசு கிடையாது, தமிழில் பேசலாம். நோயாளிகளுக்கு அந்த எண்ணை எழுதிக் கொடுக்கும் நாம், நமக்கென்று வரும்போது மட்டும் வெட்கப்படுகிறோம்.

14. நான் ஓய்வு பெற்றுச் சில வருடம் ஆகிறது. இன்னும் நைட் டியூட்டிக் கனவு வரும். மடிப்புக் கலையாத வெள்ளைப் புடவை, வார்டில் கட்டில்கள் எண்ண எண்ணக் கூடிக்கொண்டே போகும், ஹேண்ட் ஓவர் கொடுக்க யாரும் வரமாட்டார்கள். போன வாரமும் வந்தது. பின்னால் யாரோ "சிஸ்டர், ஆக்சிஜன்!" என்றார்கள். நான் பதறவில்லை. இடுப்பில் கையை வைத்தேன். சாவி இருந்தது.